ஊர் காத்த ஏரி: வேடந்தாங்கலின் பறவைகளும் பாசன மரபும்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில், சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வேடந்தாங்கல் ஏரி. இதன் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். தமிழ்நாட்டில் உள்ள 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களின் வரிசையில் வைத்தால் இது சிறிய ஏரிதான். ஆனால் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இங்கே கூடுகின்றன. இந்தியாவின் மிகப் பழைய பறவைப் புகலிடங்களுள் ஒன்றாக எண்ணப்படும் இந்த ஏரியைப் பற்றிய அரசு ஆவணம் 1798ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது.

மனிதர்களை விலக்கி வைத்துக் காக்கப்பட்ட இடமல்ல வேடந்தாங்கல். இது வயலுக்கு நீர் பாய்ச்ச வெட்டப்பட்ட பாசன ஏரி. கரையை ஒட்டியே ஊரும் வயலும் இருக்கின்றன. பறவைகளால் ஊருக்கும், ஊரால் பறவைகளுக்கும் நன்மை கிடைத்ததால்தான் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பறவைகள் இங்கே தங்கின. ஏரியின் அமைப்பு, உயிரினங்கள், பாசன மரபு, சட்டம், ஊர்க் கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது ஏன் பிழைத்தது என்பதும், இனி எதனால் கெடக்கூடும் என்பதும் விளங்கும்.

ஏரியின் அமைப்பு

தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த இப்பகுதியின் நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரிகிறது. பாலாற்றைத் தவிர இங்கே பெரிய ஆறு இல்லை. அதிலும் ஆண்டில் சில நாட்களே வெள்ளம் ஓடும். எனவே ஓடும் மழைநீரை மண் கரையால் மறித்துத் தேக்குவதே இப்பகுதியில் வேளாண்மைக்கு வழியாக இருந்தது. சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் பிறை வடிவில் கரை போட்டு, மேல்பக்கத்தைத் திறந்து விடுவது ஏரியின் பொது அமைப்பு. குறைந்த நீளக் கரையால் நிறைய நீரைத் தேக்க இந்த வடிவம் உதவும். பறம்பு மலையில் இருந்த குளத்தின் கரை பாதி நிலவைப் போல் வளைந்திருந்ததைக் கபிலர் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். இந்தத் தொழில்நுட்பத்தின் பழைமைக்கு அது சான்று.

வேடந்தாங்கல் ஏரியும் அப்படி அமைந்ததே. வரத்துக் கால்வாய்கள் சுற்றுப்புற நிலத்தின் மழைநீரையும் மேல் ஏரிகளின் உபரி நீரையும் கொண்டு வருகின்றன. மதகின் வழியே நீர் ஆயக்கட்டு வயல்களுக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு வழிகிறது. இப்படி ஓர் ஏரி நிரம்பி அடுத்ததை நிரப்பும் தொடர் இப்பகுதி முழுவதும் பரவியுள்ளது. வேடந்தாங்கலின் நீர் இந்தத் தொடரைப் பொறுத்தது. மேலே ஒரு கால்வாய் தூர்ந்தாலும் அதன் விளைவு இங்கே தெரியும்.

இப்பகுதியின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும். தை, மாசியில் வயலுக்கு நீர் விடப்படும். பங்குனி, சித்திரையில் நீர் வற்றி உள்வாய் தெரியத் தொடங்கும். கோடையில் ஏரி முழுதாக வறண்டு போவதும் உண்டு. பறவைகளின் ஆண்டுச் சுழற்சி இந்தப் பாசனச் சுழற்சியோடு அப்படியே பொருந்தியிருக்கிறது.

நீரில் நிற்கும் மரங்கள்

கொக்கு, நாரை இனங்கள் கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகள். அவற்றுக்கு மரம் வேண்டும். அந்த மரத்தைச் சுற்றி நீரும் வேண்டும். நரி, காட்டுப்பூனை, கீரி போன்றவை முட்டையையும் குஞ்சையும் நெருங்காதபடி நீர் அரணாக நிற்கிறது. வேடந்தாங்கலில் இந்தத் தேவையை நிறைவேற்றுவது நீர்க்கடம்பு. ஊரார் இதைக் கடப்ப மரம் என்கிறார்கள். மாதக்கணக்கில் அடிமரம் நீரில் மூழ்கியிருந்தாலும் அழுகாமல் தழைக்கும் மரம் இது. பரந்து விரியும் இதன் கிளைகளில் பல அடுக்குகளாகக் கூடுகள் அமையும்.

இந்த மரங்கள் ஏரியின் ஒரு பகுதியில் மட்டுமே தோப்பாக இருந்தன. பிற்காலத்தில் வனத் துறை ஏரிக்குள் மண் மேடுகள் அமைத்து நாட்டுக் கருவேல மரங்களையும் நீர்க்கடம்பையும் நட்டுக் கூடு கட்டும் பரப்பை விரிவாக்கியது. நாட்டுக் கருவேலத்தின் முட்கிளைகள் கூட்டின் சுள்ளிகள் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். வறண்ட நிலங்களை ஆக்கிரமிக்கும் சீமைக் கருவேலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏரிகளின் உள்வாயிலும் வரத்துக் கால்வாயிலும் சீமைக் கருவேலம் அடர்ந்தால் நீர்வழி அடைபடும். நாட்டுக் கருவேலமோ தென் மாவட்டக் கண்மாய்களிலும் பறவைகள் விரும்பும் கூட்டு மரமாக இருக்கிறது.

கூட்டு மரங்களுக்கு ஆயுள் வரம்பு உண்டு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் இலைகளின் மேல் படிகிறது. கூட்டுக்காகச் சிறு கிளைகள் ஒடிக்கப்படுகின்றன. நாளடைவில் மரம் பட்டுப்போகும். எனவே பழைய மரங்கள் நிற்கும்போதே புதியவற்றை நட்டு வளர்ப்பது ஏரிப் பராமரிப்பின் இன்றியமையாத பகுதி. மரம் நட ஏற்ற காலம் ஏரி வறண்டிருக்கும் கோடை. வறட்சியைக் கெடுதியாக மட்டும் பார்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பறவைகள்

இங்கே வரும் பறவைகளை இரு வகையாகப் பிரிக்கலாம்: கூடு கட்டி இனப்பெருக்கம் செய்பவை, குளிர்காலத்தைக் கழிக்க மட்டும் வருபவை. வேடந்தாங்கலில் காணும் எல்லாப் பறவைகளும் சைபீரியாவிலிருந்து வருகின்றன என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. ஏரியைப் புகழ்பெறச் செய்த கூழைக்கடாவும் நாரைகளும் இந்தியத் துணைக்கண்டத்தின் சொந்தப் பறவைகள். மழையையும் நீரையும் தேடி மாநிலம்விட்டு மாநிலம் நகர்ந்து, ஏற்ற ஏரி கிடைத்த இடத்தில் கூடு கட்டுகின்றன. வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் வகைகள் ஆகியவை இங்கே கூடு கட்டுவதில்லை. இரை தேடி உடலைத் தேற்றிக்கொண்டு, வெயில் ஏறும் முன் திரும்பிவிடுகின்றன.

கூடு கட்டுபவற்றில் உருவில் பெரியது கூழைக்கடா. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக வகைப்படுத்தப்பட்ட பறவை இது. அலகின் கீழ் உள்ள தோல் பையால் மீனை நீரோடு சேர்த்து அள்ளி, நீரை வடித்துவிட்டு விழுங்குகிறது. ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கிறது. குஞ்சுகள் தாமே பறந்து போக மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். எனவே கார்த்திகையில் முட்டையிட்ட கூழைக்கடாவுக்குப் பங்குனி வரை மரத்தைச் சுற்றி நீர் நிற்க வேண்டும். இடையில் நீர் வற்றினால் கூடு கைவிடப்படும் ஆபத்து உண்டு.

ஒரே ஏரியில் இத்தனை இனங்கள் இரைக்குப் போட்டியிடாமல் வாழ்வதற்கு ஒவ்வொன்றின் அலகும் உணவு முறையும் வேறுபடுவதே காரணம். நத்தைகுத்தி நாரையின் இரு அலகுகளும் நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும். வயலிலும் ஏரியிலும் உள்ள நத்தைகளே அதன் முதன்மை உணவு. மஞ்சள்மூக்கு நாரை பாதி திறந்த அலகைக் கலங்கிய நீரில் விட்டு நடக்கும். மீன் அலகில் பட்ட நொடியில் மூடிக்கொள்ளும். கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீரில் பக்கவாட்டில் வீசி அரித்துத் தேடும். வெள்ளை அரிவாள்மூக்கன் வளைந்த அலகால் சேற்றைக் குத்திப் பூச்சியும் புழுவும் எடுக்கும். பாம்புத்தாரா நீருக்குள் நீந்திக் கூரிய அலகால் மீனைக் குத்தும். நீர்க்காகம் முழுகித் துரத்திப் பிடிக்கும்.

நேரமும் பங்கிடப்பட்டிருக்கிறது. வெண்கொக்குகளும் நாரைகளும் காலையில் இரை தேடிப் போய் மாலையில் திரும்பும்போது, பகலெல்லாம் மரத்தில் உறங்கிய வக்கா எனும் இராக்கொக்கு வெளியே கிளம்பும். மரக்கிளைகளிலும் பங்கீடு உண்டு. பெரிய பறவைகள் உச்சிக் கிளைகளையும், நீர்க்காகம், சிறு கொக்கு போன்றவை கீழ்க் கிளைகளையும் எடுத்துக்கொள்வது பொதுவான வழக்கம்.

இத்தனை ஆயிரம் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் 74 ஏக்கர் ஏரி உணவளிக்க முடியாது. வேடந்தாங்கல் கூடு கட்டும் இடம்; உணவோ சுற்றியுள்ள ஏரிகளிலும் குட்டைகளிலும் நெல்வயல்களிலும் கிடைக்கிறது. மதுராந்தகம் ஏரி உட்படப் பல நீர்நிலைகளுக்குப் பறவைகள் நாள்தோறும் போய் வருகின்றன. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கரிக்கிலி ஏரிகள் ஆழம் குறைந்தவை. வாத்துகளும் சேற்றில் நடந்து இரை தேடும் பறவைகளும் அங்கே மிகுதியாகக் காணப்படுகின்றன. 1989இல் கரிக்கிலியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரு சரணாலயங்களும் அவற்றின் இடைப்பட்ட வயல்வெளியும் சேர்ந்தே பறவைகளின் வாழிடமாகின்றன.

எச்சமும் வயலும்

பறவைகளை ஊரார் ஏன் காத்தார்கள் என்ற கேள்விக்கு மதகிலிருந்து வெளியேறும் நீரே விடை தருகிறது. கூடு கட்டும் மாதங்களில் பறவைகளின் எச்சம் தொடர்ந்து ஏரியில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. இந்தச் சத்துகள் கலந்த நீர் நேரே வயலுக்குப் பாய்வதால் நெற்பயிருக்கு அது உரமாகிறது. கோடையில் ஏரியின் அடியில் படிந்த வண்டலும் வயலுக்கு உரமாகப் பயன்படும். செயற்கை உரம் அறியப்படாத காலத்தில் இது பெரும் செல்வம். நீரிலேயே உரம் கலந்து வரும் வயல் நல்ல மகசூல் தரும் என்பதை ஊரார் தலைமுறைகளாகக் கண்டு வந்தனர். பறவையியலாளர் சாலிம் அலி முதலியோர் வேடந்தாங்கலைச் சுட்டிக் காட்டியபோது இந்த உறவையும் சேர்த்தே எடுத்துரைத்தனர்.

இந்தச் சுழற்சியில் எதுவும் வீணாவதில்லை. பறவைகள் சுற்றுவட்டார நீர்நிலைகளில் உண்ட மீனும் நத்தையும் எச்சமாக இந்த ஏரிக்கு வந்து சேர்கின்றன. பரந்த நிலப்பரப்பின் சத்து ஓரிடத்தில் குவிந்து வேடந்தாங்கலின் ஆயக்கட்டில் பாய்கிறது. நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளைத் தின்பதும் கொக்கு இனங்கள் பூச்சிகளைப் பொறுக்குவதும் கூடுதல் நன்மை. பறவையை விரும்புதல் என்ற உணர்வும், வயலைக் காத்தல் என்ற தேவையும் இங்கே ஒன்றாகவே வளர்ந்தன.

ஏரி மேலாண்மையின் மரபு

பறவைக் காவலுக்கு முன்பே ஏரிக் காவல் இருந்தது. வேடந்தாங்கலுக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919 மற்றும் 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுத்ததை விரிவாகச் சொல்கின்றன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தில் ஆறு பேர் இருந்தனர். அவர்களின் பதவிக்காலம் 360 நாட்கள். முந்தைய கணக்கைக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு நிற்கத் தடை இருந்தது. ஏரியைப் பராமரிப்பது ஊராட்சியின் தனிப் பொறுப்பாகவும், கணக்குக் கேட்கப்படும் பொறுப்பாகவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் நிலைபெற்றிருந்தது.

பின்வந்த நூற்றாண்டுகளில் இப்பொறுப்பு ஊர் மானியங்களாகவும், குடிமராமத்து எனும் ஊராரின் கூட்டுச் செப்பனிடலாகவும் தொடர்ந்தது. 1767 முதல் 1774 வரை நில அளவையாளர் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஒவ்வோர் ஊரின் விளைச்சலிலிருந்தும் நிலத்திலிருந்தும் கோயில், கணக்கர், தச்சர், கொல்லர், காவலர் முதலியோருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதை அந்த அளவைப் பதிவுகள் காட்டுகின்றன. ஏரி, கால்வாய்ப் பணிக்கும் அப்படிப் பங்கு இருந்தது. மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு முறைவைத்து நீர் விடுபவர் நீர்க்கட்டி. கோடையில் வண்டல் அள்ளுவதும், மழைக்கு முன் கரையைப் பலப்படுத்துவதும், கால்வாயைத் தூர்வாருவதும் ஊராரின் கூட்டு உழைப்பாக நடந்தன.

ஒழுங்கு இருந்தது என்பதால் சமத்துவம் இருந்தது என்று ஆகாது. நிலமற்றோரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கரை வேலையில் உழைத்தனர். நீர்ப் பங்கிலும் முடிவெடுப்பதிலும் அவர்களுக்கு உரிய இடம் இல்லை. பழைய மரபை மீட்கப் பேசுவோர் இதையும் மனத்தில் கொள்வது கடமை.

கவுல் முதல் சட்டம் வரை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக, அதாவது வருவாய் மானிய நிலமாக, இருந்தது. அக்காலத்தில் ஏரிக்கு வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதாகவும், ஊரார் அதை எதிர்த்துக் கலெக்டரிடம் முறையிட்டதாகவும் மரபாகச் செய்தி வழங்குகிறது. கலெக்டர் லயோனல் பிளேஸ் ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு ஏற்பளித்துக் கவுல் எனும் உறுதி ஆவணம் வழங்கினார். அதன் ஆண்டாக வனத் துறை குறிப்பிடுவது 1798. மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட முனைந்தவரும் இதே பிளேஸ்தான். மழை இரவில் அக்கரை உடையாமல் ராமன் காத்ததை அவர் கண்டதாகச் சொல்லும் கதையால் அங்குள்ள கோயில் ஏரி காத்த ராமர் கோயில் எனப் பெயர் பெற்றது. ஏரி உடைந்தால் விளைச்சலும் வரியும் போகும் என்பதை அறிந்த நிர்வாகிக்கு வேடந்தாங்கல் ஊராரின் வாதம் புரியாமல் போக வழியில்லை.

அந்தக் கவுல் ஊருக்கு வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஊரார் ஏற்கெனவே செய்து வந்த காவலை அரசு ஒப்புக்கொண்டது என்பதே அதன் பொருள். 1858இல் செங்கல்பட்டு கலெக்டர் அப்பாதுகாப்பை மீண்டும் ஆணையாக உறுதிப்படுத்தினார். 1936இல் ஏரி முறைப்படி பறவைப் புகலிடமாக ஏற்கப்பட்டது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் இங்கே தொடர்ந்து பறவைகளைக் கவனித்து 1960இல் இச்சரணாலயம் பற்றித் தனி நூல் எழுதினார். 1962இல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதன் பாதுகாப்பின் கீழ் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம் கொண்ட பரப்பு சரணாலயமாக அறிவிக்கை செய்யப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

இந்த வரிசையில் ஒரு மாற்றம் தெரிகிறது. கவுலில் உரிமை ஊரிடம் இருந்தது. அரசு அதற்குத் துணை நின்றது. பிந்தைய சட்டங்களில் உரிமை அரசுத் துறையிடம் சென்றது. ஊர் அதற்குத் துணை நிற்கும் நிலைக்கு வந்தது. வேட்டைக்காரரிடமிருந்தும் ஆலைகளிடமிருந்தும் பறவையைக் காக்கத் துறையின் அதிகாரம் தேவை. ஆனால் கால்வாயைத் தூர்வாரி, மதகைப் பார்த்து, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பற்றித் தகவல் சொல்லும் அன்றாடக் காவலைச் சட்டத்தால் உருவாக்க முடியாது.

ஊர்க் கட்டுப்பாடு: வேடந்தாங்கலும் பிற ஊர்களும்

வேடந்தாங்கலில் பறவைக் காலத்தில் வெடி வெடிப்பதை ஊரார் தவிர்க்கின்றனர். தீபாவளி பெரும்பாலும் பறவைகள் வந்து சேரும் வேளையில் வருவதால் இக்கட்டுப்பாட்டின் பயன் பெரிது; கூடு கட்ட இடம் பார்க்கும் பறவைகள் வெடிச் சத்தத்தில் மிரண்டால் அந்த ஏரியைவிட்டே போய்விடக் கூடும்.

இது ஓர் ஊரின் தனி வழக்கமல்ல. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977இல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாயின. அங்குள்ள ஊர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத் துறை ஆண்டுதோறும் அவர்களுக்கு இனிப்பு வழங்கி அந்த விட்டுக்கொடுப்பை மதிக்கிறது. இனிப்பின் விலை சிறிது. குழந்தைகளின் கொண்டாட்டத்தை ஓர் ஊரே தள்ளி வைப்பதை அரசு கண்டுகொள்கிறது என்பதே அதில் பெரிது.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தின் கூந்தன்குளம் இன்னும் நெருங்கிய உறவைக் காட்டுகிறது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 129 ஹெக்டேர். இங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்து மரங்களில் மட்டுமல்லாமல் ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் இக்குளத்துக்கு வருகின்றன. பறவை வரவை ஊரார் நல்ல காலத்தின் அறிகுறியாகக் கொள்கின்றனர். மரத்தடியில் படியும் எச்சத்தை மண்ணோடு சேர்த்து வயலுக்கு உரமாக இடுகின்றனர். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுவதும் இங்கே வழக்கம்.

மூன்று ஊர்களிலும் பொதுவாக மூன்று கூறுகள் தெரிகின்றன. பறவையால் வயலுக்குக் கண்கூடான பயன் உண்டு. பறவையைத் துன்புறுத்துவது ஊர் ஒப்பாத செயல் என்ற கட்டுப்பாடு உண்டு. அதைக் குழந்தைகள் வீட்டிலேயே கற்கின்றனர். மூன்றாவதாக, அந்தக் கட்டுப்பாட்டை அரசு மதித்துத் துணை நிற்கிறது. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டின் மேல் சுமை கூடும்.

உறவு தளர்ந்த காரணங்கள்

ஏரிக்கும் ஊருக்குமான பிணைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தளரத் தொடங்கியது. ரயத்துவாரி முறையில் வரி தனித்தனி உழவரிடமிருந்து நேரே அரசுக்குச் சென்றது. ஊர்ப் பொதுப் பணிக்கான மானியங்கள் சுருங்கின. கூட்டு உழைப்பு குறைந்ததைக் கண்ட அரசு, 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தால் அதை வலிந்து பெற முயன்றது. தானே முன்வந்து செய்த பணி சட்டக் கடமையானபோது அதன் உயிர் போயிற்று. பின்னர் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் சென்றன.

அடுத்த பெரிய மாற்றம் ஆழ்துளைக் கிணறு. மின் மோட்டார் பரவிய பின், வசதியுள்ள உழவருக்கு ஏரி நீர் கட்டாயத் தேவையாக இல்லை. கிணற்றில் ஊறும் நீரும் ஏரியின் கசிவிலிருந்தே வருகிறது என்றாலும், அது கண்ணுக்குத் தெரியாத உறவு. மதகடியில் கூடி நீர்ப்பங்கு பேச வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, கால்வாய் தூர்வாரக் கூடும் வழக்கமும் அற்றுப்போனது. செயற்கை உரம் மலிந்ததும் எச்சம் கலந்த நீரின் மதிப்பும் குறைந்தது. பறவைக்காக ஊர் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்த பயன் இப்படி மெல்ல மெல்லத் தேய்ந்தது.

நீர்நிலைகளை மீட்க அரசு எடுத்த நடவடிக்கைகளும் உண்டு. 2000ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை உழவர்கள் மேலாண்மை செய்யும் சட்டம் வந்தது. 2007இல் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரில் தூர்வாரும் திட்டம் தொடங்கியது. ஆனால் பறவை வரும் ஏரியைப் பிற ஏரிகளைப் போல் இயந்திரத்தால் ஒரே ஆழத்துக்கு வெட்டிவிடக் கூடாது. நாரையும் கரண்டிவாயனும் நடந்து இரை தேட ஆழமற்ற ஓரம் வேண்டும்; மரம் நிற்கும் மேடு வேண்டும்; நாணல் வளரும் விளிம்பு வேண்டும். எங்கே தோண்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை அந்த ஏரியை அறிந்த ஊராரைக் கேட்டே முடிவு செய்வது முறை.

இன்றைய இடர்கள்

முதல் இடர் மழையின் ஒழுங்கின்மை. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அத்தகைய ஆண்டுகளில் சிறு ஏரிகள் நிரம்புவதில்லை. மரத்தைச் சுற்றி நீரில்லாத ஏரியில் பறவைகள் கூடு கட்டுவதும் இல்லை. ஒரு சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழையும் பயன் தராது. கால்வாய் அடைபட்டிருந்தால் அந்த நீர் ஏரிக்கு வராமல் வேறு வழியில் ஓடிவிடும். வறட்சியிலும் வெள்ளத்திலும் வரத்துக் கால்வாயே ஏரியின் உயிர்நாடி.

இரண்டாவது, உணவு நிலத்தின் சுருக்கம். சென்னையின் விரிவாக்கம் செங்கல்பட்டு மாவட்ட வயல்களை மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற்றி வருகிறது. எஞ்சிய வயல்களில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி நத்தையிலும் மீனிலும் ஏறிப் பறவையின் உடலில் சேர்கிறது. திலேப்பியா போன்ற அயல் மீன்கள் பெருகிய ஏரிகளில் நாட்டு மீன் இனங்கள் குறைகின்றன.

மூன்றாவது, சரணாலய எல்லை பற்றிய அழுத்தம். 2020இல் அந்த எல்லையை 5 கிலோமீட்டர் ஆரத்திலிருந்து 3 கிலோமீட்டர் ஆரமாகக் குறைக்கும் முன்மொழிவு அரசிடமிருந்து எழுந்தது. ஆரத்தில் 2 கிலோமீட்டர் குறைந்தால் பரப்பு ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டரிலிருந்து 28 ஆகச் சுருங்கும். பறவைகள் இரை தேடும் ஏரிகளும் வயல்களும் அந்த வெளி வட்டத்தில்தான் இருக்கின்றன. சூழலியலாளரும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்தனர், முன்மொழிவு கைவிடப்பட்டது. கூட்டு மரத்தைக் காத்து உணவு நிலத்தைக் கைவிட்டால் சரணாலயம் பெயரளவில் மட்டுமே எஞ்சும் என்பதை அந்த விவாதம் பலருக்குப் புரியவைத்தது.

நான்காவது, பார்வையாளர் நெரிசல். பருவகால விடுமுறை நாட்களில் பெருங்கூட்டம் வருகிறது. கரையிலேயே நடைபாதையும் காட்சிக் கோபுரமும் இருப்பதால் பறவைகளை நெருங்காமலே காண முடிகிறது. ஆயினும் கூச்சலும் நெகிழிக் குப்பையும் வாகன இரைச்சலும் தொல்லையே. பார்வையாளர் வருகையால் வரும் வருவாயில் ஊருக்கு உரிய பங்கு சேர்வது, எச்ச நீரின் மதிப்பு குறைந்த இக்காலத்தில், பழைய பயனுக்கு மாற்றாக அமையும்.

செய்ய வேண்டியவை

வேடந்தாங்கலின் வரலாறு காட்டும் வழி தெளிவானது. முதலாவதாக, ஏரியைத் தனியாகக் கருதாமல் வரத்துக் கால்வாய், மேல் ஏரி, கீழ் ஏரி, ஆயக்கட்டு அனைத்தையும் ஒரே அமைப்பாகத் திட்டமிட வேண்டும். வனத் துறை, நீர்வளத் துறை, வேளாண் துறை, ஊராட்சி ஆகியவை தனித்தனியே இயங்கினால் ஒன்றின் பணி மற்றொன்றால் வீணாகும்.

இரண்டாவதாக, நீர் திறப்பில் பயிரின் தேவையும் கூட்டின் தேவையும் சேர்ந்து கணக்கிடப்பட வேண்டும். குஞ்சுகள் பறக்கும் வரை குறைந்தபட்ச நீர்மட்டத்தை நிறுத்தி வைப்பதால் உழவருக்கு இழப்பு ஏற்பட்டால், அதற்கு ஈடு தருவது பொதுமக்களின் கடமை. பறவையால் பயன்பெறுவது ஓர் ஊர் மட்டுமல்ல.

மூன்றாவதாக, 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நெல் வேளாண்மை தொடர ஊக்கம் வேண்டும். பூச்சிக்கொல்லி குறைத்துப் பயிரிடும் உழவருக்கு நல்ல விலை கிடைக்க வழி செய்தால், வயல் வயலாகவே நிற்கும். சட்டத் தடையால் மட்டும் வயலைக் காக்க முடியாது. உழவு கட்டுப்படியானால்தான் முடியும்.

நான்காவதாக, கூட்டு மரங்களின் வயதையும் நிலையையும் ஆண்டுதோறும் பதிவு செய்து, கோடையில் நீர்க்கடம்பும் நாட்டுக் கருவேலமும் நடப்பட வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடந்து வருகிறது. பள்ளி மாணவரும் ஊர் இளைஞரும் இத்தகைய கணக்கெடுப்பில் தொடர்ந்து பங்கேற்றால், தங்கள் ஏரியின் நலத்தைத் தாங்களே அளந்து சொல்லும் தலைமுறை உருவாகும்.

ஐந்தாவதாக, ஏரி மேலாண்மைக் குழுவில் நிலமுடையோர் மட்டுமன்றி நிலமற்றோர், பெண்கள், தலித் மக்கள் ஆகியோருக்கும் உரிய இடம் வேண்டும். உத்திரமேரூர் வாரியத்திடமிருந்து கணக்குக் கேட்கும் ஒழுங்கைக் கற்க வேண்டும். அது விலக்கி வைத்தவர்களை உள்ளே சேர்க்க வேண்டும்.

1798இல் ஓர் ஊர் தன் ஏரியின் பறவைகளுக்காக அரசிடம் முறையிட்டதாக மரபு சொல்கிறது. அரசு அந்த ஊரின் உரிமையை ஏற்றது. ராம்சார் தகுதி வரை நீண்ட எல்லாப் பாதுகாப்புக்கும் அடித்தளம் அந்த ஏற்பே. தமிழகத்தின் பிற ஏரிகளுக்கும் இது பொருந்தும். ஏரியால் வாழும் ஊருக்கு அந்த ஏரியின் மேல் பயனும் உரிமையும் பொறுப்பும் இருக்கும் இடத்தில் பறவைகளுக்கும் இடம் இருக்கும். அந்த மூன்றையும் ஊரிடம் திரும்பச் சேர்ப்பதே இனி வரும் ஏரிப் பாதுகாப்பின் முதல் பணி.